தோட்டக்காரனின் பெண்சாதி

யோகராணி எதற்கும் பயந்த மனுசி இல்லை. கனடாவுக்கு வருகிற வழியில் ஏஜென்சிக்காரனோடு நடுத்தெருவில் நின்று சண்டை பிடித்தவள். இமிகிரேசன் ஒபிசரின் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பதில் சொன்னவள். ரெக்ஸ்டேலில் பஸ்சுக்குள் கைப்பையைப் பறிக்க வந்தவனைக் குடையால் சாத்திக் கலைத்தவள். அப்பேர்ப்பட்டவள் கிரகணம் என்றால் மட்டும் குழந்தைப்பிள்ளை மாதிரி நடுங்குவாள். நிலவின் ஒரு ஓரம் கறுக்கப்போகிறது என்று கலண்டரில் போட்டிருந்தால் காணும், ஒரு கிழமைக்கு முன்னமே வீடு அல்லோலகல்லோலப்படத் தொடங்கிவிடும்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு பங்குனி உத்திரம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்றைக்கு இரவு பாதிக் கிரகணம். மேற்கு வானத்தில் வால்வெள்ளி வேறு நின்று பயம் காட்டிக்கொண்டிருந்த மாதம் அது. விடுவாளா யோகராணி? காலையில் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போய்ப் புருசன் தியாகலிங்கத்தின் பெயரில் அருச்சனை செய்து, ஐயரிடம் தர்ப்பைப்புல்லும் வாங்கிவந்தாள். மத்தியானம் முழுவதும் அதை நறுக்கி நறுக்கிப் பாலுக்குள் போட்டாள், ஊறுகாய்ப் போத்தலுக்குள் போட்டாள், அரிசி வாளிக்குள் போட்டாள். மகன் நிதுசனின் கோக் போத்தலையும் விடவில்லை. “அம்மா, இது கோக்” என்று சிரித்தவன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

ஜெயமலர் குசினியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரித்தாள். அவள் யோகராணிக்கு ஓரகத்தி. தியாகலிங்கத்தின் தம்பி விநாயகமூர்த்தியின் பெண்சாதி. பெண்சாதியா, விதவையா என்று கேட்டால் அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மூர்த்தியைத் திருகோணமலையில் ஆமி கொண்டுபோய் ஆறரை வருசமாகிறது. பிணம் கிடைக்கவில்லை, கடதாசி கிடைக்கவில்லை, பார்த்தேன் என்று சொல்ல ஒரு நாதி இல்லை. ஜெயமலர் தாலியும் பொட்டுமாக அந்தப் பதினாலாம் மாடி அப்பாட்மென்டில் சமைத்துப் போட்டுக்கொண்டு, இரவில் ஒபிஸ்களைக் கூட்டித் துடைத்துக்கொண்டு இருந்தாள்.

“சித்தி, லிஸின் பண்ணுங்கோ. இடையிலை கதைக்கக்கூடாது,” என்று கையில் கடதாசியோடு வந்து நின்றாள் பிரதீபா. யோகராணியின் மகள், எட்டாம் வகுப்பு. அடுத்தநாள் பள்ளிக்கூடத்தில் பேசப்போகிறாள். கிரகணம் வருகிறபடியால் டீச்சர் அதையே தலைப்பாகக் கொடுத்திருந்தார். கடதாசியில் இருந்தது இங்கிலிஷ். சித்திக்காக அதைத் தமிழில் அவிழ்த்து அவிழ்த்துச் சொன்னாள்.

“பழைய காலம். கிறிஸ்துவுக்கு முன்னம். பபிலோன் எண்டு ஒரு ஊர். அங்கை சாத்திரிமார் ராத்திரியிலை வானத்தையே பாத்துக்கொண்டு இருப்பினம். சந்திர கிரகணம் வந்தால் ராசாவுக்குச் சாவு. ஆனா எந்த ராசாவுக்கு? அதுதான் சித்தி இன்ரறெஸ்ரிங். பாதிக் கிரகணமெண்டால் எந்தப் பக்கம் கறுக்குதோ, அந்தப் பக்கத்து நாட்டு ராசாவுக்கு.”

“கறுக்காத பக்கத்து ராசாவுக்கு?”

“அவர் ஓகே. கதைக்கக்கூடாதெண்டு சொன்னனான். இப்ப இந்தப் பக்கத்து ராசா சாகவேணும். ஆனா ராசா சாக விருப்பமில்லை. ஸோ, வேறை ஒராளைப் பிடிச்சு ராசாவின்ரை உடுப்பைப் போட்டுக் கதிரையிலை இருத்துவினம். ஒரு கைதி, இல்லாட்டி ஒரு தோட்டக்காரன். போனால் ஒருத்தரும் தேடாத ஆள். நல்ல சாப்பாடெல்லாம் குடுப்பினம். உண்மையான ராசா ஒளிச்சிருப்பார். அந்த நாளிலை அவரை ராசா எண்டு கூப்பிடக்கூடாது. வயல் செய்யிற கமக்காரன் எண்டுதான் கூப்பிடவேணும்.”

“பிறகு?”

“பிறகென்ன, தோட்டக்காரனைச் சாக்காட்டிப் போடுவினம். ராசா செத்தாச்சு, கிரகணம் சொன்னது நடந்தாச்சு. கமக்காரன் திரும்பிவந்து கதிரையிலை இருப்பார்.”

ஜெயமலரின் கை நின்றுவிட்டது. வெங்காயத்துக்கு ஏற்கெனவே கண்ணீர் வந்துகொண்டிருந்ததால் பிரதீபா கவனிக்கவில்லை.

“அந்தத் தோட்டக்காரனுக்குத் தெரியுமோ பிள்ளை? தன்னை ஏன் இருத்தினவை எண்டு?”

“அதுதான் என்ரை லாஸ்ற் லைன்!” பிரதீபாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. “‘தோட்டக்காரனுக்குத் தெரியுமா? ஒருத்தருக்கும் தெரியாது.’ இப்பிடிச் சொல்லிப்போட்டு எல்லாரையும் ஒருக்காப் பாப்பன். நல்லா இருக்கெல்லே?”

“அவனுக்கு ஒரு பெண்சாதி இருந்திருப்பாள்.”

“அதெல்லாம் புத்தகத்திலை இல்லைச் சித்தி,” என்றுவிட்டுப் பிரதீபா மறுபடி முதலில் இருந்து தொடங்கினாள்.

ஜெயமலர் காது கொடுத்தாலும் மனது திருகோணமலைக்குப் போய்விட்டது. மூர்த்தி போன அன்றைக்கும் பாதிக் கிரகணம்தான். ஆடிப் பூரணை. கலியாணம் கட்டி ஒரு வருசம்கூட ஆகவில்லை. அவள் காய்ச்சலோடு உப்புவெளியில் தாய் வீட்டில் கிடந்தாள். கடலுக்கு மேலே நிலவு எழும்பும்போதே ஓரம் கருகித்தான் எழும்பியது. தாய் யன்னலைச் சாத்திக்கொண்டு ஏதோ முணுமுணுத்தது அவளுக்கு அரைகுறையாக ஞாபகம். அதே நேரம், சந்தைக்குப் பக்கத்தில் இருந்த புருசன் வீட்டு ஒழுங்கையில் ஆமிக்காரர் வீட்டுக்கு வீடு தட்டினார்களாம். வீட்டுக்கு ஒரு ஆம்பிளை குடும்ப அட்டையோடு பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும், பதிந்துவிட்டுப் போகலாம் என்றார்களாம். வீட்டில் அண்ணனும் தம்பியுமாக இரண்டு ஆம்பிளைகள். போனது தம்பி.

ஏன் தம்பி? அதற்கு அந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. வீட்டுக்கு ஆர் வந்தாலும், ரீ குடித்து முடிகிற நேரத்துக்கு யோகராணி அதைச் சொல்வாள். “தம்பி ஒரு அவசரக்காரன். இவர் சேட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட, ‘நில்லண்ணை, நான் போட்டு ஓடியாறன்’ எண்டு பாஞ்சு விழுந்து போனவன். சொல்லச் சொல்லக் கேக்கேல்லை.” வந்தவர்கள் ‘அப்பிடி ஒரு பிள்ளை’ என்று உச்சுக்கொட்டுவார்கள். வெறுங்கோப்பைகளை எடுத்துக்கொண்டு ஜெயமலர் குசினிக்குள் போவாள்.

அவர்கள் உச்சுக்கொட்டுவது அவளுக்குப் பத்தி எரியும். பெரிய தியாகியாம்! அண்ணன் இருக்க உனக்கென்ன அந்தரம்? காய்ச்சலோடு ஒருத்தி கிடக்கிறாளே என்று ஒரு நிமிசம் நினைத்தாயா? புருசனை நினைத்து அழவேண்டிய பெண் ஆறரை வருசமாக அவனோடு சண்டைதான் பிடித்தாள். மொப் தண்ணீரைப் பிழியும்போது சண்டை, பஸ்சுக்குக் காத்து நிற்கும்போது சண்டை. “ஏனப்பா போனனீங்கள்? ஆர் உங்களைப் போகச் சொன்னது?” அவன் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. அவனாக விட்டுவிட்டுப் போனான் என்ற அந்த ஒன்றைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. செத்தான் என்றாலும் தாங்கியிருப்பாள்.

சாத்திரம் பார்க்கவோ, திவசம் செய்யவோ யோகராணி விட்டதே இல்லை. “விசர்க்கதை கதையாதை. அவன் வருவான்” என்று வாயை அடைத்துவிடுவாள். மாதாமாதம் கோயிலில் மூர்த்தியின் பூச நட்சத்திரத்துக்கு அருச்சனை செய்விப்பாள். இவ்வளவு பாசமா என்று ஜெயமலர் நெகிழ்ந்ததும் உண்டு. தன்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டு, ஒரு அறையும் தந்து வைத்திருக்கிறாளே என்ற நன்றியில் அவள் சொல்லுக்கு மறுசொல் சொன்னதில்லை.

பின்னேரம் ஆறரைக்கெல்லாம் யோகராணி எல்லோரையும் சாப்பிட வைத்துவிட்டாள். கிரகணம் பிடிக்க இன்னும் எவ்வளவோ நேரம் கிடந்தது, அது அவளுக்குப் பொருட்டில்லை. தியாகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார். திருகோணமலைச் சந்தையடியில் இரண்டு கடை வைத்து வெள்ளை வேட்டியோடு திரிந்த மனுசன். இங்கே ஓட்ட ஒரு பழைய வானும், தலையில் ஒரு தொப்பியும். வீட்டில் அவருடைய குரல் கேட்பதே அருமை. ஞாயிறு இரவுகளில் அவரும் ஜெயமலரும் மிசிசாகாவில், பிளேன் இறங்குகிற பக்கமாக உள்ள ஒரு ஒபிசைக் கூட்டித் துடைக்கப் போவார்கள். இரண்டு பேர் செய்கிற வேலை. ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் சரியாக இருக்கும்.

ஜெயமலர் கோட்டை எடுத்து மாட்டினாள். யோகராணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தியாகலிங்கத்தைக் கண்ணால் காட்டினாள்.

“இண்டைக்கு அத்தான் வரேல்லை. ஐயரைக் கேட்டனான். பிடிக்கேக்கை உத்திரமாம், விடேக்கை அத்தமாம். அத்தத்திலை பிடிச்சால் திருவோணத்துக்கும் தோசம். அவர் வாசலாலை காலெடுத்து வைக்கக்கூடாது. நீ பஸ்சிலை ஒருக்காப் போட்டு ஓடியாவன். உன்ரை நட்சத்திரத்துக்கு ஒண்டும் இல்லைத்தானே.”

யோகராணி இதைக் குரூரமாகச் சொல்லவில்லை. கடையில் மிளகாய்த்தூள் வாங்கிவா என்கிற மாதிரித்தான் சொன்னாள். ஜெயமலரும் பழக்கதோசத்தில் “ஓமக்கா” என்று சொல்லித் தலையாட்டி, சப்பாத்துக்குள் ஒரு காலை விட்டுவிட்டாள். மற்றக் காலை விடும்போதுதான் அந்தச் சொல் உறைத்தது. திருவோணம்.

தாய் யன்னலைச் சாத்திக்கொண்டு முணுமுணுத்தது என்ன? காய்ச்சலில் கேட்டு, பிறகு வந்த பெருந்துயரத்தில் மறந்துபோனது அப்படியே திரும்பி வந்தது. ‘திருவோணத்திலையெல்லே பிடிக்குது. எங்கடை வீட்டிலை திருவோணம் ஒருத்தரும் இல்லை, கடவுளே எண்டு.’ அந்த வீட்டில் ஒருவரும் இல்லை, சரி. புருசன் வீட்டில்? தியாகலிங்கத்துக்குத் திருவோணம். காலையில்கூட அந்த நட்சத்திரம் சொல்லித்தான் அருச்சனை நடந்தது. இத்தனை வருசமாகக் காதில் விழுந்துகொண்டே இருந்த சொல், இன்றைக்குத்தான் உள்ளே இறங்கியது.

ஒரு சப்பாத்தோடு எழும்பி வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“அக்கா, அண்டைக்குத் திருவோணத்திலைதான் பிடிச்சது. ஆடிப் பூரணைக்கு.”

“எண்டைக்கு? நீ வெளிக்கிடு, பஸ்சை விடப்போறாய்.”

“அண்டைக்கும் அத்தானை நீங்கள் மறிச்சனீங்கள். என்ன?”

தியாகலிங்கத்தின் கை சோற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. அவர் நிமிரவில்லை. அவர் நிமிராததிலேயே பாதிப் பதில் வந்துவிட்டது.

“உதென்ன புதுக்கதை?” என்று யோகராணி குரலை உயர்த்தினாள். “தம்பி தானாத்தான் போனவன். ஆயிரம் தரம் சொல்லியாச்சு. நல்ல நாளும் அதுவுமா வாயைக் குடுத்து வில்லங்கத்தை விலைக்கு வாங்காதை. போ, வேலைக்குப் போ.”

“நான் போகேல்லை.”

“என்ன?”

“இண்டைக்கு நான் போகேல்லை அக்கா. வேறை ஆரையும் அனுப்புங்கோ.”

அந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து ஜெயமலர் இப்படி ஒரு சொல் சொன்னதில்லை. யோகராணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனால் வேலைக்கு ஒருவராவது போயாக வேண்டும். போகாவிட்டால் அந்தக் கொன்றாக்ட் பறிபோய்விடும். அவர் போகக்கூடாது, இவள் போகமாட்டாள். யோசிக்காமல் வாய் பாட்டுக்குச் சத்தம் போட்டது.

“நிது! டேய் நிது, ஒருக்கா இஞ்சை…”

அவ்வளவுதான். மிச்சம் வரவில்லை. கிரகணம் பிடிக்கிற இரவில், அப்பனுக்குப் பதிலாகப் பிள்ளையை வெளியே அனுப்பக் கூப்பிட்டுவிட்டோம் என்று அவளுக்கே விளங்கிவிட்டது. கையால் வாயைப் பொத்தினாள். அறைக்குள் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது, நல்லகாலம், நிதுசனுக்குக் கேட்கவில்லை.

“கூப்பிடுங்கோவன் அக்கா,” என்றாள் ஜெயமலர். அவளுடைய குரல் அவளுக்கே பிடிபடவில்லை. “ஏன் நிப்பாட்டினனீங்கள்? உங்கடை பிள்ளையைக் கூப்பிட வாய் வரேல்லை. என்ரை மனுசனைக் கூப்பிடேக்கை மட்டும் வந்ததோ?”

யோகராணி கதிரையில் பொத்தென்று இருந்தாள். தியாகலிங்கம் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“சொல்லு ராணி. காணும் இனி.”

யோகராணி சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே சொன்னாள். “இவர் சேட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டிட்டார். நான்தான் வாசலிலை குறுக்கை நிண்டனான். கலண்டரிலை திருவோணம் எண்டு கிடந்தது. நிலவு பாதி கறுத்துப்போய் நிக்குது. எனக்கு நெஞ்சு பதறிச்சுது. மூர்த்தி கிணத்தடியிலை நிண்டவன். ‘தம்பி, கொண்ணைக்கு இண்டைக்குக் கூடாது, நீ ஒருக்காப் போட்டு ஓடியா’ எண்டனான். ஒரு பதிவுதானே எண்டு நினைச்சன். என்ரை பிள்ளையள் ஆணை, அப்பிடித்தான் நினைச்சன். பிறகு உன்ரை முகத்தைப் பாத்து நான் என்னெண்டு சொல்லுறது?”

“அத்தானும் பேசாமல் நிண்டவரோ?”

தியாகலிங்கம் எச்சில் கையைப் பார்த்தபடி இருந்தார். “சேட்டைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கை போயிட்டன்,” என்றார்.

“அவருக்குத் தெரியுமோ?” ஜெயமலர் மேசையைப் பிடித்துக்கொண்டாள். “ஏன் அனுப்புறியள் எண்டு அவருக்குத் தெரியுமோ?”

“தெரியும். சொல்லித்தான் அனுப்பினனான். சிரிச்சவன்.” யோகராணிக்கு அழுகை வெடித்தது. “‘பாதிக் கிரகணம்தானே அண்ணி, பாதி ஆளாவது திரும்பி வருவன்’ எண்டு பகிடி விட்டிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன்.”

ஐயோ, அது அவனுடைய பகிடிதான். வேறு ஆராலும் அதைக் கற்பனை பண்ணிச் சொல்ல முடியாது. காய்ச்சலுக்குக் கசாயம் கொடுக்கும்போதுகூட இப்படித்தான் ஏதாவது சொல்லிச் சிரிப்பான். ஆறரை வருசத்துக்குப் பிறகு புருசனின் வாயில் இருந்து ஒரு புதுச் சொல் கேட்கிறாள் ஜெயமலர். ஒரு கணம் அவளுக்குச் சிரிப்பே வந்தது. அடுத்த கணம் நெஞ்சைப் பிளந்துகொண்டு அழுகை வந்தது. அவள் வாய்விட்டு அழுதாள். அவன் பாய்ந்து விழுந்து போகவில்லை. அவளை மறந்துவிட்டுப் போகவில்லை. போ என்றார்கள், போனான்.

“பாவி நான்,” என்று தலையில் அடித்தாள். “செத்த மனுசனோடை இவ்வளவு காலமும் சண்டை பிடிச்சிருக்கிறன்.”

செத்த என்ற சொல் அந்த வீட்டில் முதன்முதலாக விழுந்தது. யோகராணி பதறி எழும்பினாள். “அப்பிடிச் சொல்லாதை, மலர். அவன் வருவான்.”

“வரமாட்டார். உங்களுக்கு அது எப்பவோ தெரியும். அவர் செத்திட்டார் எண்டால் அத்தானுக்குப் பதிலாச் செத்தவர் எண்டு வந்திடும். அதுக்காகத்தான் என்னை இந்தக் கோலத்திலை வைச்சிருந்தனீங்கள்.” ஜெயமலர் முகத்தைத் துடைத்தாள். “திதி எனக்குத் தெரியும். ஆடிப் பூரணை. வாற ஆடிக்குத் திவசம். எனக்குப் பிள்ளை இல்லை. அத்தான்தான் இருந்து எள்ளும் தண்ணியும் இறைக்கவேணும்.”

தியாகலிங்கம் எழும்பினார். கையைக் கழுவினார். ஆணியில் தொங்கிய வான் திறப்புக் கொத்தை எடுத்தார். யோகராணி பழக்கத்தில் வாசலுக்குக் குறுக்கே போனாள். “இஞ்சாருங்கோ…” என்றாள். அவர் அவளைத் தள்ளவில்லை, அவள் விலகும்வரை நின்றார். அவள் விலகினாள். கதவு சாத்துப்பட்டது. லிப்ற் இறங்குகிற சத்தம் கேட்டது.

பல்கனிக் கண்ணாடிக்கு அப்பால் முழு நிலவு எழும்பி நின்றது. அதில் இன்னும் ஒரு கீறல் விழவில்லை. யோகராணி அதைப் பார்க்கவும் பயந்து, பார்க்காமல் இருக்கவும் பயந்து, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கீழே வான் போகிற வழியைப் பார்த்தாள்.

பிரதீபா குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, எவ்வளவு கேட்டாளோ. முகம் வெளிறிப்போயிருந்தது. கையில் கடதாசி கசங்கிக் கிடந்தது. ஜெயமலர் அதை வாங்கி, மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

“உன்ரை கடைசி வசனம் பிழை பிள்ளை. வெட்டிப்போட்டு எழுது.”

“என்னெண்டு சித்தி?”

“தோட்டக்காரனுக்குத் தெரியும் எண்டு எழுது. கமக்காரனுக்கும் தெரியும், கமக்காரன்ரை பெண்சாதிக்கும் தெரியும் எண்டு எழுது.” யோகராணி கண்ணாடியில் இருந்து திரும்பவில்லை. “தெரியாமல் இருந்தது தோட்டக்காரன்ரை பெண்சாதி ஒருத்திதான்.”